‘ஆட்டம் முடிந்தது’: காணொளி விளையாட்டுகளின் நிறைவுச் செய்திகளும் தமிழில் முடிவுரைக்கும் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

காணொளி விளையாட்டு ஒன்று முடிவுறும்பொழுது திரையில் தோன்றும் சிறு தொடரை இக்கட்டுரை ‘நிறைவுச் செய்தி’ எனக் குறிக்கிறது. ‘கேம் ஓவர்’ என்பது அவற்றுள் பரவலானது. இத்தொடர்களைத் தமிழின் தகுதி வழக்கு, வினைமுற்று, துணைவினை ஆகிய இலக்கணக் கூறுகளின் வழியாகவும், குஜிலியம்பாறை உள்ளிட்ட திண்டுக்கல் சமவெளி ஊர்களில் வழங்கும் ஆட்டங்களின் சொற்கள் வழியாகவும் கட்டுரை ஆராய்கிறது. நிறைவுச் செய்தி பெரும்பாலும் முடிவை இழப்பாகக் காட்டுகிறது. தமிழ் ஆட்டமரபும் நூல்மரபும் முடிவை முதிர்ச்சியாகக் காட்டும் சொற்களைப் பேணி வந்துள்ளன. இவ்வேறுபாட்டை உணராத மொழிபெயர்ப்பு, சொல்லை மட்டும் பெயர்த்துப் பொருளை விட்டுவிடும் என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நிறைவுச் செய்தி, தகுதி வழக்கு, துணைவினை, தாயம், முற்று, மொழிபெயர்ப்பு.

முன்னுரை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கினைக் கூறுகிறார். உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்று பொருள் உரைக்கிறார். விளையாட்டு இலக்கண ஆராய்ச்சிக்குப் புறம்பான பொருளன்று என்பதற்கு இவ்விரண்டு இடங்களும் சான்றாகும். ஆயினும், இன்று இளையோர் நாள்தோறும் பலமுறை படிக்கும் எழுத்துத்தொடர்களுள் ஒன்றான நிறைவுச் செய்தி தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

குஜிலியம்பாறை, திண்டுக்கல் மாவட்டத்தின் வடபகுதியில் கரூர் மாவட்டத்தை நோக்கி அமைந்த புன்செய் வட்டாரத்து ஊர். இத்தகைய ஊர்களில் தாயமும் பல்லாங்குழியும் சடுகுடுவும் அறிந்த தலைமுறையும், கைப்பேசியில் குழுவாகச் சேர்ந்து ஆடும் தலைமுறையும் ஒரே வீட்டில் வாழ்கின்றன. ஆகவே, இரு வகை ஆட்டங்களின் முடிவுச் சொற்களையும் அருகருகே வைத்து ஆராய இவ்வட்டாரம் ஏற்ற களமாகிறது. இங்கு எடுத்தாளப்படும் பேச்சு வழக்குகள் இவ்வட்டாரத்திற்கு மட்டும் உரியன அல்ல. தமிழகத்தின் பிற பகுதிகளிலும் கேட்கப்படுவனவே.

1. நிறைவுச் செய்தியின் தோற்றமும் வகைகளும்

‘கேம் ஓவர்’ என்னும் தொடர் கணினித் திரைக்கு முன்பே, காசு செலுத்தி ஆடும் பின்பால் பொறிகளில் ஒளியூட்டப்பட்ட எழுத்துகளாக இருந்தது. அங்கு அதன் பொருள் வணிகம் சார்ந்தது: செலுத்திய காசுக்குரிய ஆட்டம் தீர்ந்தது, மேலும் ஆட விரும்பினால் மற்றொரு காசு செலுத்துக. 1978இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற தொடக்ககால ஆட்டங்களில் ஆடுவோர் இறுதி வெற்றி பெறும் வாய்ப்பே இல்லை. எவ்வளவு திறமையாக ஆடினும் முடிவு தோல்வியே. எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தோம், எத்தனை புள்ளி ஈட்டினோம் என்பதே வேறுபாடு. 1980இல் வெளிவந்த பேக்மேன் ஆட்டத்திலும் ஆக்கியோர் வகுத்த முடிவு இல்லை. 256ஆம் கட்டத்தை எட்டும்பொழுது நிரல் பிழையால் திரையின் ஒரு பாதி சிதைந்து ஆட்டம் தொடர முடியாததாகிறது.

இந்தப் பின்னணியில் தோன்றிய நிறைவுச் செய்திகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, முடிவை அறிவிப்பது: ‘கேம் ஓவர்’. இரண்டாவது, ஆடுவோரின் இறப்பை அறிவிப்பது: 2011இல் வெளிவந்த டார்க் சோல்ஸ் ஆட்டத்தின் ‘யூ டைடு’ இதற்குப் புகழ்பெற்ற சான்று. மூன்றாவது, வெற்றியை அறிவிப்பது: பப்ஜி ஆட்டத்தின் ‘வின்னர் வின்னர் சிக்கன் டின்னர்’, ஃப்ரீ ஃபயர் ஆட்டத்தின் ‘பூயா’ ஆகியன இவ்வகையின. நான்காவது, முடிவை ஒத்திவைப்பது: 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் கோட்டையைக் கடந்து வந்த ஆட்டக்காரருக்கு நன்றி கூறப்படுகிறது, உடனே, இளவரசி வேறொரு கோட்டையில் இருப்பதாகவும் சொல்லப்படுகிறது. இறுதிக் கோட்டையை வென்ற பின்னரும் புதியதொரு தேடல் காத்திருப்பதாகவே அந்த ஆட்டம் அறிவிக்கிறது.

இந்நான்கினையும் புறத்திணைக் கண்கொண்டு நோக்கலாம். வெற்றிச் செய்தி வாகையின் பாற்படும். வாகையைப் போர் வெற்றியோடு மட்டும் நிறுத்தாமல், அவரவர் தத்தம் கூற்றில் மேம்படுதலாகவும் தொல்காப்பியர் விரித்துரைத்தமை இங்கு நினைவுகூரத்தக்கது. புள்ளிப் பட்டியலில் தன் முந்தைய எண்ணிக்கையைத் தானே விஞ்சுவதும் இப்பொருளில் வாகையாகிறது. வெல்ல இயலாத ஆட்டத்தின் முடிவோ நிலையாமை கூறும் காஞ்சிக்கு நெருக்கமானது. 1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட மிசைல் கமாண்ட் ஆட்டத்தில் ஆடுவோர் ஆறு நகரங்களை ஏவுகணைத் தாக்குதலிலிருந்து காக்க வேண்டும். அனைத்தும் அழிந்தபின் வழக்கமான ‘கேம் ஓவர்’ தோன்றுவதில்லை. ‘தி எண்ட்’ என்ற தொடரே தோன்றுகிறது. ஆட்டம் மட்டுமன்றி, ஆட்டம் காட்டிய உலகமும் முடிந்தது என்னும் பொருள் அச்சிறு சொல்மாற்றத்தால் பெறப்படுகிறது. அணு ஆயுதப் போர் குறித்த அச்சம் நிலவிய காலத்தில் அது வெறும் ஆட்டச் செய்தியாக மட்டும் படிக்கப்பட்டிருக்க இயலாது.

2. கூறுவோரும் கேட்போரும்

ஒரு கூற்றின் பொருளை அறிய, அதனைக் கூறுவோர் யார், கேட்போர் யார் என அறிதல் வேண்டும். அக இலக்கணம் கூற்றுக்கும் கேட்போருக்கும் தனியிடம் தந்தமை இதனாலேயே ஆகும்.

மரபான ஆட்டங்களில் முடிவை அறிவிப்போர் ஆடுவோரே. தாயம் ஆடும் திண்ணையில் ‘பழம்’ என்று கூறுபவர் காயை நகர்த்தியவர். அதனை ஏற்றுக்கொள்பவர் எதிரே அமர்ந்திருப்பவர். ஏற்பு இல்லையேல் முடிவும் இல்லை. காய் சரியான கட்டத்தில் நின்றதா, போட்ட எண் எத்தனை என்ற பூசல் எழலாம். அது பேசித் தீர்க்கப்படும். திண்டுக்கல், மதுரை மாவட்டங்களின் சல்லிக்கட்டுக் களத்திலோ முடிவை அறிவிப்பவர் ஒலிபெருக்கியின் முன் நிற்பவர். காளை பிடிபட்டதா, பிடிபடாமல் சென்றதா என்பதை அவர் ஊரறிய அறிவிக்கிறார். அவ்வறிவிப்பு படர்க்கையில் அமைவது. களத்தில் உள்ளோர் அனைவரும் அதற்குச் சான்று.

காணொளி விளையாட்டின் நிறைவுச் செய்தியைக் கூறுவது பொறி. கேட்பவர் பெரும்பாலும் ஒருவர். அக்கூற்றை மறுக்கவோ பேசித் தீர்க்கவோ வழியில்லை. இதனாலேயே அச்செய்தி தீர்ப்பின் தன்மையைப் பெறுகிறது. இணையவழிக் குழு ஆட்டங்களில் இந்நிலை ஓரளவு மாறுகிறது. யார் யாரை எந்தக் கருவியால் வீழ்த்தினார் என்னும் செய்தி திரையின் ஓரத்தில் அனைவரும் காணும்படி ஓடுகிறது.

இவ்வோட்டச் செய்தியைத் தமிழரின் நடுகல் எழுத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப்பிராமி நடுகற்களுள் ஒன்று ஆகோள் பூசலில் வீழ்ந்தவனைக் குறிக்கிறது. பிற்கால நடுகற்கள் வீரனின் பெயர், ஊர், பூசலின் காரணம் ஆகியவற்றைக் கூறிப் ‘பட்டான்’ என்று முடிக்கின்றன. பெயர், செயல், வீழ்ச்சி என்னும் மூன்று கூறுகளும் இரண்டிலும் உள்ளன. வேறுபாடு காலத்தில் உள்ளது: நடுகல் எழுத்து ஊர் உள்ளளவும் நிற்பதற்கென வெட்டப்பட்டது, திரையெழுத்து சில நொடிகளில் மறைவதற்கென ஆக்கப்பட்டது. முன்னது இழப்பை நினைவாக்குகிறது. பின்னது இழப்பை எண்ணிக்கையாக்குகிறது.

3. காயும் பழமும்: முதிர்ச்சியாகிய முடிவு

தாயத்தில் நகர்த்தப்படும் பொருளுக்குக் ‘காய்’ என்று பெயர். அது கட்டங்களைச் சுற்றி நடுவிடத்தை அடைந்தால் ‘பழம்’ ஆகிறது. எதிராளியால் வெட்டுண்ட காய் மீண்டும் தொடக்கத்திற்குச் செல்லும். களத்தில் இறங்க மறுபடியும் தாயம் விழவேண்டும். இங்கு முடிவு என்பது கனிதல். இழப்பு என்பது இறப்பன்று, பழுக்காமல் திரும்புதல். ஆட்டத்தின் தொடக்கச் சொல்லும் இறுதிச் சொல்லும் ஒரே மரத்தின் இரு பருவங்களாக அமைந்துள்ளன.

பல்லாங்குழியிலும் ஒரு சுற்றின் தோல்வி ஆட்டத்தின் முடிவாவதில்லை. தோற்றவர் தம்மிடம் எஞ்சிய முத்துகளைக் கொண்டு இயன்ற குழிகளை நிரப்புவார். நிரப்ப இயலாத குழிகள் வெறுமையாக விடப்படும். அடுத்த சுற்று தொடங்கும். குறைந்த முதலோடு தொடர்ந்து ஆடி, இழந்த குழிகளை மீட்பதும் உண்டு. ஒரு குழியையும் நிரப்ப இயலாதபொழுதே ஆட்டம் முடியும். வானம் பார்த்த புன்செய் நிலத்தில், ஒரு பருவம் பொய்த்தாலும் எஞ்சிய விதையைக் கொண்டு அடுத்த பருவத்தைத் தொடங்கும் உழவரின் வாழ்க்கைமுறையோடு இவ்விதி ஒத்திசைவது தெளிவு. சடுகுடுவின் மூவகையுள் சஞ்சீவினி என்பதில், வெளியேறியவர் தம் அணியினர் எதிரணியாளரை வீழ்த்தினால் மீண்டும் களம் புகுவார். காமினி என்பதில் வெளியேறியவர் அவ்வாட்டம் முடியும்வரை திரும்ப இயலாது. ‘உயிர்’ எனக் காணொளி விளையாட்டுகள் எண்ணிக் காட்டுவதற்கு நிகரான கருத்து இங்கு முன்பே உள்ளது. ஆனால் அவ்வுயிரை மீட்டுத் தருவது காசன்று, உடன் ஆடுவோரின் முயற்சி.

காய், பழம் என்னும் இவ்வழக்கு நூல்மரபின் ‘முற்று’ என்னும் சொல்லோடு இணைத்து எண்ணத்தக்கது. முற்றுதல் என்பதற்கு முதிர்தல் என்றும் நிறைவுறுதல் என்றும் பொருள் உண்டு. முற்றிய காய், முற்றிய கதிர் என்பன முதிர்ச்சியைக் குறிக்கும். கருத்து நிறைவுறும் வினையை வினைமுற்று என்கிறோம். ஏடுகளும் நூல்களும் ‘முற்றும்’, ‘முற்றிற்று’ என்று முடிகின்றன. இதழ்த் தொடர்கதைகள் ஒவ்வொரு பகுதியிலும் ‘தொடரும்’ என்று எழுதி, இறுதியில் மட்டும் ‘முற்றும்’ என்கின்றன. கூத்து மங்களம் பாடி நிறைவுறுகிறது. பழைய தமிழ்த் திரைப்படங்கள் ‘சுபம்’ அல்லது ‘வணக்கம்’ என்னும் எழுத்துகளோடு முடிந்தன. இவை அனைத்தும் முடிவைப் பார்ப்போர்க்கும் படிப்போர்க்கும் உரிய வாழ்த்தாகவோ நிறைவாகவோ கூறுவன. பயன்படுத்துவோரை நோக்கி ‘நீ தோற்றாய்’ என்று கூறும் முடிவுரை இம்மரபில் இடம்பெறவில்லை.

4. தகுதி வழக்காக நிறைவுச் செய்தி

நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறார். நிறைவுச் செய்திகளுள் பல இப்பகுப்பில் அடங்குகின்றன.

‘வின்னர் வின்னர் சிக்கன் டின்னர்’ அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களின் வழக்கிலிருந்து வந்தது. அதனை ஆடாதவர் கேட்டால் உணவு பற்றிய பேச்சென்றே கொள்வர். ‘பூயா’ என்பதும் அவ்வாறே. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றது போல, ஒரு குழுவினர் தமக்குள் வழங்கும் இவை குழூஉக்குறிகளாம். ஊர்ப் பேச்சில் ‘சிக்கன் அடிச்சாச்சு’ என்று சுருங்கியபின் இத்தொடர் மேலும் உட்குழுவுக்கு உரியதாகிறது. ‘அடி’ என்னும் வினை இங்கு ஈட்டுதல் என்னும் பொருளில் வந்துள்ளது.

மங்கல வழக்கிற்குச் சிறந்த சான்று இந்தியச் சூழலிலேயே கிடைக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் இந்திய அரசால் தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவமாகப் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வெளிவந்தது. அதில் குருதியின் நிறம் மாற்றப்பட்டது. ‘கில்’ என்னும் சொல்லுக்கு மாற்றாகப் ‘ஃபினிஷ்’ என்னும் சொல் அமைந்தது. ‘செத்தார்’ என்பதைத் ‘துஞ்சினார்’ என்பது போன்ற மாற்றமே இது. ஆனால் தமிழ்ப் பேச்சுக்கு வரும்பொழுது இம்மங்கலம் நிலைப்பதில்லை. ‘ஆளை முடித்துவிட்டான்’ என்னும் தமிழ்த்தொடர் கொன்றான் என்னும் பொருளை ஏற்கெனவே உடையது. ஆங்கிலத்தில் மென்மையாக்க வந்த சொல், தமிழ் கேட்பவரின் செவியில் கடுமையைத் திரும்பப் பெறுகிறது. மங்கல வழக்கு ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு அப்படியே கடத்தத்தக்கது அன்று என்பதற்கு இது தெளிவான சான்று.

5. வினைமுற்று, இடம், துணைவினை

‘கேம் ஓவர்’ என்னும் தொடரில் வினைச்சொல் இல்லை. எனவே காலமும் இடமும் வெளிப்படுவதில்லை. தமிழில் ‘ஆட்டம் முடிந்தது’ எனும்பொழுது, அஃறிணை ஒருமைப் படர்க்கை இறந்தகால வினைமுற்று வந்து நிற்கிறது. முடிதல் தன்வினையாதலால், முடித்தவர் யார் என்பது மறைகிறது. தோல்விக்குப் பொறுப்பானவரைச் சுட்டாத இத்தொடர் ஒருவகை நாகரிகம் உடையது எனலாம்.

தமிழின் துணைவினைகள் இம்முடிவுக்குப் பல சாயல்களைத் தருகின்றன. ‘முடிந்தது’ செய்தியை மட்டும் கூறும். ‘முடிந்துவிட்டது’ இனி மாற்ற இயலாமையை உணர்த்தும். ‘முடிந்துபோயிற்று’ விரும்பாத இழப்பைச் சுட்டும். ‘முடித்தாயிற்று’ எடுத்த செயலைச் செய்து தீர்த்த மனநிறைவைக் காட்டும். ‘கேம் ஓவர்’ என்னும் ஒரே தொடர், தோற்றவருக்கும் ஆட்டத்தின் இறுதிவரை சென்று வென்றவருக்கும் தோன்றக்கூடியது. தமிழாக்குவோர் இவ்விரு இடங்களிலும் ஒரே வினையை இடுவது தமிழின் வளத்தைப் பயன்கொள்ளாமையாகும்.

‘யூ டைடு’ என்பதைத் தமிழாக்குவதில் சிக்கல் மிகுதி. ‘நீங்கள் இறந்துவிட்டீர்கள்’ என்பது இலக்கணப் பிழையற்றது. ஆயினும் மதிப்புப்பன்மையும் இறப்புச் செய்தியும் ஒருங்கே வருவதால் நகைப்பிற்கு இடமாகிறது. ‘செத்தாய்’ என்பது வசை. ‘வீழ்ந்தாய்’ என்பது போர்க்கள மரபுக்கு ஏற்றது. மீண்டும் எழுவதற்கும் இடம் தருவது. ஆட்டத்தில் இறந்தவர் அடுத்த நொடியே எழுகிறார் ஆதலின், பொருளளவிலும் அதுவே பொருந்துகிறது.

ஆடுவோர் தாமே கூறும் சொற்களும் கருதத்தக்கன. ‘நான் செத்துட்டேன்’ என்னும் தன்மை ஒருமைத் தொடரை அதன் நேர்ப்பொருளில் உலக வழக்கில் எவரும் கூற இயலாது. ஆட்டம் ஒன்றே அதற்கு இடம் தருகிறது. எதிரி நெருங்கும்பொழுதே ‘செத்தேன்’ என்று கூவுவதும் உண்டு. இன்னும் நிகழாததை நிகழ்ந்ததாகக் கூறும் இது, விரைவு பற்றி எதிர்காலம் இறந்தகாலமாக மயங்கும் காலவழுவமைதியே ஆகும். தொல்காப்பியர் வினையியலில் வகுத்த விதி, கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் சிறுவர் வாயில் இன்றும் இயல்பாக வழங்குகிறது. பொறி ஆங்கிலத்தில் அறிவித்தாலும், ஆடுவோர் தம் முடிவைத் தமிழிலேயே உணர்கின்றனர் என்பது இதனால் பெறப்படும்.

6. மொழிபெயர்ப்பு தரும் பாடம்

நிறைவுச் செய்தி சிறியதாயினும் பிழை நேர்ந்தால் நெடுநாள் நிற்பது. 1986இல் ஜப்பானில் வெளிவந்த புரோ ரெஸ்லிங் ஆட்டத்தின் ஆங்கில வடிவம், வென்றவரை ‘எ வின்னர் இஸ் யூ’ என்று வாழ்த்தியது. சொல்வரிசை பிறழ்ந்த அத்தொடர் நகைச்சுவை மேற்கோளாக இன்றும் வழங்குகிறது. 1985இல் வெளிவந்த கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் ஆட்டத்தின் இறுதி வாழ்த்தில் ஆங்கிலச் சொல் எழுத்துப் பிழையோடு அமைந்தது. கடுமையான ஆட்டத்தை முடித்தவர் பெற்ற பரிசு, பிழையான ஒரு தொடரே.

மாற்று வழியும் உண்டு. 2019இல் வெளிவந்த செகிரோ ஆட்டத்தில், வீழ்ந்தவர் முன் இறப்பைக் குறிக்கும் சீன வரிவடிவம் பெரிதாகத் தோன்றுகிறது. தன் எழுத்தையே முடிவின் சின்னமாக்கும் துணிவு அங்கு காணப்படுகிறது. கனடாவின் டொரான்டோவைச் சார்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட வெண்பா, புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தியின் சமையல் வழியே குடும்பக் கதையைச் சொல்கிறது. சிதைந்த குறிப்பேட்டைப் புரிந்துகொண்டு உணவைச் சமைப்பதே ஆட்டம். அங்கு தவறு என்பது இறப்பன்று. பதம் தப்பினால் மறுமுறை முயல்வதே. தமிழ் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட ஓர் ஆட்டம், முடிவைப் பற்றிய பிறிதொரு கருத்தோடு அமைய இயலும் என்பதை இப்படைப்பு காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. ‘கேம் ஓவர்’ என்னும் செய்தி காசுப் பொறியின் வணிகத் தேவையில் வேர்கொண்டது. முடிவை இழப்பாகக் காட்டுவது அதன் இயல்பு.

2. தமிழ் ஆட்டமரபில் முடிவு ஆடுவோரால் கூறப்பட்டு ஆடுவோரால் ஏற்கப்படுவது. காய் பழமாதல் என்னும் முதிர்ச்சிக் கருத்தைக் கொண்டது. நூல்மரபின் ‘முற்றும்’ என்னும் சொல்லும் இக்கருத்தோடு இயைகிறது.

3. நிறைவுச் செய்திகளைத் தகுதி வழக்கின் மூவகையுள் மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றால் விளக்க இயலும். மங்கலச் சொல் மொழி மாறும்பொழுது தன் மென்மையை இழக்கலாம்.

4. தமிழாக்கத்தில், கட்டம் கடந்தவருக்குத் ‘தொடரும்’, வீழ்ந்தவருக்கு ‘வீழ்ந்தாய், மீண்டும் ஆடுக’, இறுதிவரை ஆடி முடித்தவருக்கு ‘முற்றும்’ என இடம் நோக்கிச் சொல் தெரிதல் பொருத்தமுடையது.

ஒரு குழந்தை ஒரே மாலையில் பத்து முறை தோற்கிறது. பத்து முறையும் ஒரு தொடரைப் படிக்கிறது. அத்தொடர் தோல்வியை முடிவு என்று கற்பிக்கிறதா, பழுக்காத நிலை என்று கற்பிக்கிறதா என்பது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வினா அன்று. கணித்தமிழ் ஆக்கத்தில் ஈடுபடுவோரும் நாட்டுப்புறவியல் ஆய்வாளரும் இணைந்து, வட்டாரந்தோறும் ஆட்டங்களின் முடிவுச் சொற்களைத் தொகுப்பது உடனடித் தேவையாகும். தாயக் கட்டங்களைக் கரித்துண்டால் வரையும் திண்ணைகள் குறைந்துவரும் இக்காலத்தில், அச்சொற்களை வாயால் வழங்கும் தலைமுறையிடமே அவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும்.